ஒழுங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி

போன மாதம், என் பழைய அலுவலகத்தில் வேலை செய்யும் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்குத் தானாகவே காது சுடும்.

"மிஸ், உடுப்பிட்டிப் பக்கத்து வரைபடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு இருக்கிறன். ஒழுங்கைக்கு நடுவிலை, சனம் போய்வாற சின்னப் பாதையிலை, ஒரு சிவப்புப் புள்ளி கிடக்குது. கூரை இல்லை, வீடு இல்லை, ஒரு தகரக் கொட்டில்கூட இல்லை. ஆரோ கை தவறிப் போட்டது போலை. அழிச்சு விடட்டே?"

"தொடாதையும்" என்றேன். "ஏனெண்டு எழுதி அனுப்பிறன்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஒருத்தி எழுதுகிறாள் என்றதும் "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்குவாள் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் நாங்களும் மடையர்கள்தான். கணினி இல்லாததால் ஒரு மடைத்தனத்தைச் செய்து முடிக்க எங்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். உங்களுக்கு அது காலைத் தேநீருக்கு முன்னரே முடிந்துவிடுகிறது.

எங்கள் வேலை என்னவென்று புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இல்லாத இடத்துக்கு, அங்கே இருப்பவர்கள் கட்டணம் கட்டித் தாங்கக்கூடிய விதத்தில், எந்த வழியால் அதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்வது. வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படத்தில் கூரைகளை எண்ணுகிறோம். எங்கே வெளிச்சம் தெரிகிறது, இருக்கிற கம்பி எவ்வளவு தூரம், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்றெல்லாம் கணினிக்குச் சொல்கிறோம். அது ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு நிறம் பூசித் தருகிறது. சிவப்பு என்றால் கம்பி இழுக்கலாம். மஞ்சள் என்றால் அங்கேயே ஒரு சிறிய சூரிய மின்நிலையம். நீலம் என்றால் வீட்டுக்கு ஒரு விளக்குப் பெட்டி: இரண்டு பல்பு எரிக்கலாம், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போடலாம். நீலம் என்பது மரியாதையாகக் கைகழுவுவதற்கு நாங்கள் கண்டுபிடித்த நிறம்.

இந்த நிறங்களை வைத்து நாங்கள் ஆடிய கூத்துகளில் இரண்டை மட்டும் முதலில் சொல்கிறேன். ஒருமுறை வல்வெட்டித்துறைக் கடற்கரைப் பக்கம் ஒரு வரிசை வீடுகள் இருளாகத் தெரிந்தன. இருள் என்றால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லை என்றால் வறுமை என்று கணினி சொல்லியது. எங்கள் ஆட்களும் விளக்குப் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போய் இறங்கினால் இரண்டு மாடி வீடுகள். சலவைக்கல் பதித்த முற்றம், ஆள் உயரக் கேற்று, கேற்றிலே பூட்டு. பக்கத்து வீட்டு மனிசி வந்து, "வீட்டுக்காரர் கனடாவிலை. கோயில் திருவிழாவுக்குத்தான் வருவினம். நான் வாங்கி வைக்கட்டே?" என்று கேட்டாள். எங்கள் ஆட்களுக்குப் புகைப்படம் வேண்டும். அவளிடமே கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் படம் வருடாந்த அறிக்கையின் அட்டையில் வந்தது.

இன்னொருமுறை நேர் எதிர். கடலோரத்தில் ஓலைக் கொட்டில்கள் உள்ள ஒரு குறிச்சி பளபளவென்று தெரிந்தது. மின்சாரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். படம் பிடித்த கிழமை அங்கே கோயில் திருவிழா. ஜெனரேற்றர் பிடித்து, வீதி முழுக்கக் குழல்விளக்குக் கட்டியிருந்தார்கள். சாமிக்குப் போட்ட வெளிச்சத்தை நாங்கள் சனத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். திருவிழா எப்போது என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் கந்தோர் மேசைகளில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இராதீர்கள்.

இனி அந்தச் சிவப்புப் புள்ளி.

உடுப்பிட்டிக்கு அப்பால் வெளியோரமாக ஒரு தோட்டக் குறிச்சி இருக்கிறது. உண்மைப் பெயர் வேண்டாம். கிணற்றடிக் குறிச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவோர வீடுகளுக்கு மின்சாரம் உண்டு. உள்ளே, வயல்வெளிப் பக்கமாக இருக்கும் வீடுகளுக்கும் தோட்டக் கிணறுகளுக்கும் கம்பி இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை, எல்லாம் மண்ணெண்ணெய் மெசினால் இறைத்த தண்ணீரில் வளர்வதுதான். மண்ணெண்ணெய் காணாமல் போன காலத்தில் தோட்டங்கள் காய்ந்தன. பிறகு மண்ணெண்ணெய் வந்தது. அதன் விலை பழைய இடத்துக்கு வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசித் திட்டத்தில் அந்தக் குறிச்சி நீலமாக வந்தது. மனிதர்கள் தண்ணீர் இறைக்க மின்சாரம் கேட்கிறார்கள், நாங்கள் பல்பு கொடுக்கப் போகிறோம்.

எப்படி நீலமானது என்று பார்த்தேன். திட்டத்துக்கு ஆலோசகராக லண்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெற்றோர் இந்தப் பக்கத்து ஆட்கள். கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதால் கந்தோரில் எல்லோரும் டொக்டர் என்றார்கள். என்னை முதல் நாளே "அன்ரி" என்றார். முப்பது வயதும் ஆகியிராது, ஆனால் அவர் பேசிய தமிழ் எங்களுடையதைவிடப் பழசு. தாய் தகப்பன் கப்பலேறிய வருடத்தோடு அது அப்படியே நின்றுவிட்டது. அவர் என்ன செய்திருந்தார் என்றால், கோடைகாலச் செய்மதிப் படத்தை எடுத்து, பச்சையாகத் தெரியும் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பம்ப் என்று போட்டிருந்தார். பச்சை என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பம்ப். எல்லாப் பம்பும் காலையில் ஒரே நேரத்தில் ஓடும் என்றும் எடுத்துக்கொண்டார். கணக்கு எகிறிவிட்டது. அவ்வளவு மின்சுமைக்குப் பெரிய ட்ரான்ஸ்போமர் வேண்டும், செலவு தாங்காது, ஆகவே நீலம். பிள்ளைக்குப் பசி பெரிது, சோறு போட்டுக் கட்டாது, ஒரு இனிப்புக் கொடுத்துவிடு என்பது போன்ற தீர்ப்பு.

டொக்டரை நான் பெரிதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் தோட்டக் கிணற்றைக் கண்டது செய்மதியிலிருந்து. எனக்கு எரிச்சல் வந்தது எங்கள் கந்தோரைப் பார்த்து. யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணறு பெரும்பாலும் தனி ஒருவருடையதல்ல என்று இங்கே தெரியாதவர் யார்? ஒருவர் வெட்டிய கிணறு, பிள்ளைகளுக்குக் காணி பிரியும்போது மண்ணைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் கிணற்றில் பங்கு, வாய்க்காலில் உரிமை, போய்வர வழி என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதி வைப்பார்கள். முறை வைத்து இறைப்பார்கள்: இன்றைக்கு அக்கா, நாளைக்குத் தம்பி, நாளையின்றைக்குச் சித்தப்பா. துண்டுகள் எத்தனை பச்சையாக இருந்தாலும் ஒரு கிணற்றில் ஒரு நேரத்தில் ஒரு மெசின்தான் ஓடும். டொக்டர் இந்தக் கணக்கைக் காட்டிய கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பங்குக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் பங்குக் கிணற்றுச் சண்டை ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். காணித் துண்டுக்கு ஒரு பம்ப் என்று திரையில் காட்டியபோது அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வீட்டு வளவுக்குள் இருக்கும் அறிவை, கந்தோர்ப் படியேறும்போது செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம்.

டொக்டரை ஏற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அங்கே முறைக்கு நின்றவள் ராசமலர். ஐம்பதைத் தாண்டியவள். சீதனமாக வந்த துண்டில் வெங்காயம் வைத்திருந்தாள். சைக்கிள் கரியரில் மெசினைக் கட்டிக்கொண்டு வந்து, இறக்கி, கயிறு இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தாள். டொக்டர் வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னதும் அவரிடம் முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தாள். அவர் வேறு டொக்டர் என்று விளக்கினேன். அவளுக்கு ஏமாற்றம்.

"எங்களுக்கு நீலமெண்டு சொல்லுகினம். நீலமெண்டா என்ன மிஸ்?"

"இரண்டு பல்பு எரிக்கலாம். போனுக்குச் சார்ஜ் போடலாம்."

"பல்பாலை இறைக்கலாமே?"

டொக்டர் நிலத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. "போன போகம் மண்ணெண்ணெய்க்குக் குடுத்துக் கட்டாமல் அரைவாசிப் பாத்தியைக் காயவிட்டனான். இந்த முறையும் அப்பிடியெண்டா விட்டிடுவன். நெல்லியடியிலை புடவைக்கடையிலை ஆள் கேட்டிருக்கினம். போய் நிண்டு சீலை மடிக்கவேண்டியதுதான். அங்கையெண்டாலும் கறன்ற் இருக்கு."

அடுத்த சுற்று வரும், அப்போது பார்க்கலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வது வழமை. அடுத்த சுற்று என்ற ஒன்றை என் வேலைக்காலம் முழுவதும் நான் கண்டதில்லை. அந்தக் கிழமைக் கூட்டத்தில் நீலம் என்று பூட்டப்பட்டால் ராசமலர் சீலை மடிக்கப் போவாள். அந்தத் துண்டு தரிசாகும். இதுதான் அன்றைக்குப் பிரச்சினை. வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஒரு கிணற்றுக்கு ஒரு பம்ப் என்று சொன்னதும் டொக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. மூளைக்காரன்தான். கிணற்றுக் கட்டிலேயே மடிக்கணினியை வைத்து மாற்றிப் போட்டார். நீலம் சிவப்பானது. "அன்ரி, வந்திட்டுது!" என்று கத்தினார். ராசமலரும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ, மெசினை நிறுத்திவிட்டு எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தாள்.

எனக்கு இளநீர் இறங்கவில்லை. வரைபடம் சிவப்பாகிவிட்டது, இனிக் கிணற்றுக்கு இணைப்புக் கொடுக்கவேண்டும். பங்குக் கிணற்றுக்கு இணைப்பு என்றால் பங்குகாரர் அத்தனை பேரும் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு சாமிக்கு ஏழெட்டுப் பூசாரி.

ஆச்சரியம், வெளிநாட்டுப் பங்குகாரரின் கையெழுத்துகள் மளமளவென்று வந்தன. ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தது. பாரிசிலிருந்து வந்தது. சுவிசிலிருந்து ஒருவர் கையெழுத்தோடு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கும்படியும் செய்தி போட்டிருந்தார். வராதது ஒன்றே ஒன்று. நெல்லியடியில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கும் நடராசா அண்ணையின் கையெழுத்து. அவர் ராசமலரின் சொந்தத் தமையன்.

அவருடைய முறை அன்று நான் தனியாகப் போனேன். மனிதர் மெசினைக் கரியரிலிருந்து இறக்கிக்கொண்டு இருந்தார். கிழட்டு மெசின். இருமி இருமிப் புகை கக்கியது, அவரும் சேர்ந்து இருமினார்.

"அண்ணை, உங்களுக்கும்தானே கறன்ற் வேணும்" என்றேன்.

"வேணும்தான். ஆர் வேண்டாமெண்டது?"

"அப்ப ஒரு கையெழுத்து வைக்கலாமே."

"அவளின்ரை பேர் இருக்கிற பேப்பரிலை நான் வைக்க மாட்டன். இந்தக் கிணத்துக்குக் கறன்ற் வர விடவும் மாட்டன்."

"ஏன் அண்ணை?"

"தன்ரை மகன்ரை கலியாணத்துக்கு எனக்குப் போனிலை சொன்னவள். தாய்மாமனுக்குப் போனிலை! ஒரு வெத்திலைத் தட்டம் இல்லை, வீட்டு வாசல் மிதிக்கேல்லை."

"அது பெற்றோல் இல்லாத நேரமெல்லே. ஆரின்ரை வாகனமும் ஓடேல்லை."

"பெற்றோல் இல்லை, சரி. சைக்கிள் இல்லையோ? அவளுக்கு ஓடத் தெரியாதோ? பள்ளிக்கூடம் போக ஓடக் காட்டிக் குடுத்ததே நான்தான், பின்னாலை பிடிச்சுக்கொண்டு ஓடி!"

அதைச் சொல்லும்போது அவர் தன் சைக்கிள் கரியரைப் பின்னாலிருந்து பிடித்துக் காட்டினார். எனக்கு ஒரு நொடி இரக்கம் வந்தது. அடுத்த நொடி கோபம் வந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்று இந்தக் கிணற்றடியில் நின்று புகை குடிக்கிறது மனிசன். கடன் பட்டு மண்ணெண்ணெய் வாங்கும், கையெழுத்து வைக்காது. எங்கள் வீம்பைப் போத்தலில் அடைத்து விற்க வழியிருந்தால் குடாநாட்டில் ஒரு ஏழை இருக்க மாட்டான்.

வாக்குவாதப்பட்டுப் பிரயோசனமில்லை என்று ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். அவர் இறைத்து முடித்தார். முடித்ததும் மெசினைத் துடைத்து, திரும்பவும் கரியரில் தூக்கி வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டினார். குழாயைச் சுருட்டிச் சைக்கிள் கைபிடியில் கொழுவினார். கிணற்றடியில் ஒரு சாக்குத் துண்டைக்கூட விட்டு வைக்கவில்லை. அவர் மட்டுமல்ல, பங்குக் கிணற்றில் யாரும் எதையும் விட்டு வைப்பதில்லை. விட்டு வைத்தால் மற்றவன் பாவித்துவிடுவான் என்ற நல்லெண்ணம்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் வந்தது. எனக்கு மேலே இருந்த அதிகாரியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு செய்யாதவர், யாருக்கும் எதுவுமே செய்யாதவர். முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் அவருக்குச் சுற்றறிக்கை இருந்தது. அவரிடம் நான் படித்தது நிறைய: ஒரு கேள்வி வந்தால் அதை எப்படி இன்னொரு பிரிவுக்கு அனுப்புவது, ஒரு முடிவை எப்படி முடிவு போலத் தெரியாமல் எடுப்பது. இந்தத் தொழிலில் எல்லோரும் தங்களுக்கு வழிகாட்டிய குருவைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவார்கள். எனக்கு வாய்த்தவர் இவர். இவர் போன வழிக்கு எதிர்ப்பக்கமாக நடந்தே நான் நெடுந்தூரம் வந்தேன்.

"உடுப்பிட்டிப் பக்கத்தில் அந்தத் தோட்டக் குறிச்சி" என்றார். "பங்குகாரர் ஒருவர் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் அது நீலம். பின்னேரம் திட்டத்தைப் பூட்டி அனுப்பவேண்டும்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. "அன்ரி, ஒரு ஆளின்ரை கையெழுத்துக்கு எல்லாரையும் வெட்டுறதோ?"

கந்தோரில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. நான் திரையைப் பார்த்தேன். கிணற்றின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் சுமை. பம்ப் அங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்கிறது. பொய், என்று எனக்குள் ஒரு குரல். பம்ப் அங்கே இல்லை. இந்த நிமிடம் அது நெல்லியடியில் நடராசா அண்ணையின் குசினிக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடக்கிறது. ராசமலரின் மெசின் அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. முறை வரும் அன்றுதான் அது கிணற்றடிக்கு வரும், முறை முடிந்ததும் போய்விடும். நாங்கள் முதலில் சுமையைக் காணித் துண்டில் வைத்தோம், பிழை. பிறகு கிணற்றில் வைத்தோம், அதுவும் பிழை. சுமை வருவது சைக்கிள் கரியரில்.

"டொக்டர், புள்ளியைக் கிணற்றிலை இருந்து எடுங்கோ."

"எடுத்து?"

"பக்கத்திலை ஒழுங்கை இருக்கு. அதிலை வையுங்கோ."

"ஒழுங்கையிலை ஒருத்தரும் இல்லையே அன்ரி!"

"சைக்கிளிலை வருவினம்."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். ஒழுங்கை உள்ளூர் சபையினுடையது, எந்தப் பங்குகாரனுடையதும் அல்ல. ஒழுங்கையோரம் ஒரு தூண். தூணில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. இணைப்பு ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயரில். உள்ளே ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பிளக், ஒரு சின்ன மீற்றர். தங்கள் தங்கள் மோட்டரைக் கொண்டு வந்து கொழுவி இறைத்துவிட்டு, வழமைபோல் கழற்றிக்கொண்டு போகட்டும். கிணற்றை யாரும் தொடவில்லை, ஆகவே கிணற்றுப் பங்குகாரரிடம் கையெழுத்துக் கேட்கும் தேவையும் இல்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: ஈரத் தோட்டத்தில் வயர் இழுப்பது விளையாட்டல்ல, சிறு கசிவு என்றாலும் உடனே விழுந்து மின்சாரத்தை அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக வேண்டும். அதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் நானே தூணைப் பிடுங்குவேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒழுங்கையில் சுமைப் புள்ளி வைக்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது?"

"வைக்கக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கை சொல்லுது சேர்?"

அவர் யோசித்தார். உண்மையில் அவருக்கு அத்தனை சுற்றறிக்கையும் பாடம். உள்ளே போய்த் தேடிக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது.  எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் புழுகு. ஒன்று கிடைத்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். கிடைக்கவில்லை.

"உங்கள் பொறுப்பு" என்றார்.

"ஓம் சேர், என்ரை பொறுப்பு."

அந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். மிச்சத்தைக் கணினி செய்யும்.

கம்பி வந்தது. திறப்பு விழாவை நான் வர்ணிக்கப் போவதில்லை. மாலை போட்டுக்கொண்டவர்களில் யாருக்கும் அந்தப் பெட்டி எதற்கென்று தெரியாது. ஒருவர் அதைத் தபால்பெட்டி என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார். பெட்டி செய்யும்போது பங்குக்கு ஒரு பிளக் என்ற கணக்கில் நடராசா அண்ணைக்கும் ஒன்று வைக்கச் சொல்லியிருந்தேன். அவரிடம் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், பிறகு அந்தச் சொல்லிலிருந்து இறங்க அவருக்கு வழியிருந்திராது. அவர் பங்குக்கு உரிய திறப்பை, பெட்டிப் பூட்டின் சாவியை, சனசமூக நிலையத்தில் ஆணியில் கொழுவி வைக்கச் சொன்னேன். யாரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், எடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

ராசமலர் முதல் முறையிலேயே மோட்டர் கொழுவினாள். அந்தப் போகம் ஒரு பாத்திகூடக் காயவில்லை. புடவைக்கடைக்காரர் வேறு ஆள் பிடித்துக்கொண்டார். நடராசா அண்ணை மட்டும் முறைக்கு முறை அந்தக் கிழட்டு மெசினையே கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பெட்டி கேட்கட்டும் என்பது போல அதைக் கிளப்பிக்கொண்டு இருந்தார். ஊரே பார்த்துச் சிரித்தது. சிரிப்பு கூடக் கூட மனிதர் இன்னும் விறைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, வெங்காயம் வாங்கும் சாட்டில் அந்தப் பக்கம் போனேன். ராசமலர் தன் துண்டில் களை பிடுங்கிக்கொண்டு இருந்தாள். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நடராசா அண்ணை. கரியரில் ஏதோ ஒன்று சாக்கால் மூடிக் கட்டியிருந்தது. இறக்கினார். புது மோட்டர். மடியிலிருந்து திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"மிஸ், நான் ஒண்டிலும் கையெழுத்து வைக்கேல்லை."

"ஓம் அண்ணை, வைக்கேல்லை."

"கிணத்துக்குக் கறன்ற் வர விடமாட்டன் எண்டனான். கிணத்துக்கு வரேல்லைத்தானே?"

"வரேல்லை. ஒழுங்கைக்குத்தான் வந்தது."

"அப்ப சரி" என்று கொழுவினார். சத்தமில்லாமல் தண்ணீர் பாய்ந்தது. மனிதருக்கு இருமல் வரவில்லை.

தோட்டத்திலிருந்து ராசமலர் எழும்பினாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அவள் என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"மிஸ், வயர் வாய்க்காலுக்கை கிடக்குதெண்டு உவருக்குச் சொல்லுங்கோ. தூக்கிப் போடச் சொல்லுங்கோ."

நான் அவர் பக்கம் திரும்பினேன். வாய் திறக்க முதலே அவர் குனிந்து வயரைத் தூக்கி மேட்டில் போட்டார். போட்டுவிட்டு எனக்குச் சொன்னார்:

"கேட்டது எண்டு சொல்லுங்கோ."

இத்தனை கலாநிதிப் பட்டங்களும் செய்மதிகளும் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் அந்தக் கிணற்றடியில் செய்தது தொலைபேசிக் கம்பி வேலை. பரவாயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாக இருந்து சிரித்தேன். கொஞ்சம் கண்ணும் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே தம்பி, ஒழுங்கைக்கு நடுவில் கூரையில்லாமல் கிடக்கும் உங்கள் புள்ளிக்கு வருவோம். அதை அழிக்கலாம். ஒரு விரலால் தட்டினால் போய்விடும், வரைபடமும் துப்புரவாகிவிடும். அடுத்த முறை கம்பி புதுப்பிக்கும்போது அங்கே சுமை இல்லை என்று தூணைக் கழற்றிக்கொண்டு போவார்கள். ராசமலர் திரும்பவும் விண்ணப்பிப்பாள். நீங்கள் சுமையைக் கிணற்றில் வைப்பீர்கள். கிணற்றில் வைத்தால் பங்குகாரர் கையெழுத்து வேண்டும். ரொறன்ரோவிலிருந்து வரும், பாரிசிலிருந்து வரும். நெல்லியடிக்கு நீங்கள்தான் போகவேண்டும், அதுவும் வெற்றிலைத் தட்டத்தோடு.

போனாலும் அவர் வைக்க மாட்டார். புள்ளி அங்கேயே கிடக்கட்டும்.